கிரேடியஸ்: அன்று மூன்றாம் கட்டம் வரை போன கை, இன்று முதல் எரிமலையிலேயே சாவது ஏன்?

வடகடல்83 | தங்கச்சிமடம் | மே 3, இரவு 11.20

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஏப்ரல் 15 முதல் படகு கரையில் கிடக்கிறது. வலை பொத்தியாயிற்று, இன்ஜின் வேலையும் பார்த்தாயிற்று. 61 நாளை எப்படித்தான் ஓட்டுவது? போனில் எமுலேட்டர் (பழைய கேம் பெட்டிபோல் நடிக்கிற ஆப்) போட்டு, சின்ன வயதில் ஆடிய டிவி கேம்களை ஒவ்வொன்றாகத் தேடி ஆடுகிறேன்.

அதில் ஒன்று விண்வெளிக் கேம். அப்போது பெயரெல்லாம் தெரியாது, "ராக்கெட் கேம்" என்போம். கிரேடியஸ் என்று இப்போதுதான் தெரிகிறது. 96, 97 வாக்கில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் அரை மணிக்கு 3 ரூபாய் கொடுத்து ஆடுவோம். காசு தீர்வதற்குள் மூன்றாம் கட்டம் போய்விடுவேன். பெரிய பெரிய கல் தலைகள் வாயிலிருந்து வளையம் வளையமாகத் துப்புமே, அது வரைக்கும். பின்னால் நாலு பேர் நின்று பார்ப்பார்கள்.

இப்போது முதல் கட்டத்தின் கடைசியில் இரண்டு எரிமலை கல்லை வாரி இறைக்கிறதே, அங்கேயே கதை முடிகிறது. ஒரு வாரமாக, தினம் இரண்டு மணி நேரம். ஒருமுறை செத்தால் அப்புறம் எழவே முடியவில்லை. 42 வயதில் கை இவ்வளவு மந்தமாகிவிடுமா? இருட்டில் அலைக்கு நடுவே மிதவையைக் கண்டுபிடிக்கிற கண் இது. நம்ப முடியவில்லை.


கீழக்கரை_காக்கா | மே 4, காலை 7.05

வாங்க மச்சான், நம்ம ஆளு. மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் நானும் இதைத்தான் தேய்த்தேன். வாப்பா செய்தி பார்க்க வரும்வரை டிவி எங்களுடையது.

கேம் கொனாமி கம்பெனி 1985இல் ஆர்கேடுக்காக, அதாவது காசு போட்டு ஆடும் கடை மெஷினுக்காகச் செய்தது. நாம் ஆடியது அதற்கு அடுத்த வருடம் ஃபேமிகாம் என்ற நின்டென்டோ டிவி கேம் பெட்டிக்கு மாற்றிய பதிப்பு. நம் ராக்கெட்டின் பெயர் விக் வைப்பர். ஆர்கேடில் ஆப்ஷன், அதாவது கூடவே வரும் அந்த ஒளி உருண்டை, நான்கு வரை வாங்கலாம். நம் பெட்டியில் இரண்டோடு சரி. லேசரும் கட்டையாக வெட்டிப் போட்டதுபோல்தான் போகும்.

ஒரு கேள்வி. ஸ்பீட் எத்தனை தடவை ஏற்றுகிறீர்கள்? சக்தி கூட்டும் சிவப்பு உருண்டை கிடைத்ததும் டக்கென்று அழுத்திவிடுகிற ஆளா நீங்கள்?


வடகடல்83 | மே 4, காலை 9.40

கிடைக்கிறதெல்லாம் முதலில் ஸ்பீடுக்குத்தான் காக்கா. நாலு, ஐந்து. ஓடித் தப்பிக்க வேண்டாமா?


கீழக்கரை_காக்கா | மே 4, காலை 9.52

சுத்தம். பாம்பன் கால்வாயில் அந்த வேகத்தில் போட்டை விடுவீர்களா? இரண்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். மூன்றாவதிலிருந்து நீங்கள் எதிரியிடம் சாகவில்லை, சுவரில் மோதிச் சாகிறீர்கள்.


மண்டபம்_ரீசெட் | மே 4, மாலை 6.15

அண்ணே, உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. குறை கேமில்தான். நான் கல்லூரியில் படிக்கிறேன், திரை முழுக்க தோட்டா கொட்டுகிற ஷூட்டர்தான் எனக்கு விருப்பம். அதில் ஆயிரம் தோட்டா வந்தாலும் நம் கப்பலின் நடுவில் ஒரு புள்ளியில் பட்டால்தான் அடி. செத்தாலும் அதே இடத்தில் உயிர் வரும். கிரேடியஸில் அப்படியா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு உருண்டைக்கும் கீழே இருக்கிற பட்டை ஒரு இடம் நகரும், வேண்டிய இடத்தில் அழுத்தினால் அந்த ஆயுதம் கிடைக்கும், எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. அந்தப் பட்டையில் ஸ்பீடுக்கு 1 உருண்டை, மிசைலுக்கு 2, டபுளுக்கு 3, லேசருக்கு 4, ஆப்ஷனுக்கு 5, கடைசியில் கேள்விக்குறி போட்ட கவசத்துக்கு 6. ஸ்பீட் இரண்டு, மிசைல், லேசர், ஆப்ஷன் இரண்டு, கவசம் என்று முழுசாக நிற்க 24 உருண்டை வேண்டும். ஒரே ஒரு கல் பட்டால் 24ம் போச்சு. போதாதென்று பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டுபோய், ஆமை வேகத்தில், ஒற்றைத் துப்பாக்கியோடு விடுவார்கள். அந்த இடத்தில் வரும் கூட்டமோ 24 உருண்டைக்காரனுக்காக அமைத்தது.

இந்த நிலைமைக்கே கிரேடியஸ் நோய் என்று ஷூட்டர் ஆடுகிறவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்று உயிர் என்று திரையில் காட்டுவது சும்மா. உண்மையில் ஒரு உயிர்தான்.


ஈயக்கம்பி | ராமநாதபுரம் | மே 4, இரவு 8.30

கேம் நியாயமா அநியாயமா என்பதை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். நான் டிவி மெக்கானிக், அரண்மனைப் பக்கம் 25 வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். தம்பி கேட்ட கேள்விக்கு வேறு பதில் இருக்கிறது. அன்று ஆடியதும் இன்று ஆடுவதும் ஒரே வேகம் இல்லை.

ஜப்பான், அமெரிக்க டிவிகள் நொடிக்கு 60 தடவை படத்தை மாற்றும். நம் ஊர் டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50. இந்தப் பழைய கேம்களில் கடிகாரம் தனியாகக் கிடையாது. படம் ஒருமுறை மாறினால் எல்லாம் ஒரு அடி நகரும், அவ்வளவுதான் கணக்கு. இங்கே விற்ற டிவி கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை 50க்கு ஓடும்படி செய்த நகல்கள். அதனால் கப்பல், கல், தோட்டா, பாட்டு எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. உங்கள் போன் எமுலேட்டர் 60இல் ஓடுகிறது. நீங்கள் மந்தமாகவில்லை. கல்தான் வேகமாக வருகிறது.

இன்னொன்று, புளூடூத் கன்ட்ரோலர் வைத்து, போனிலிருந்து பெரிய எல்இடி டிவிக்குப் படம் அனுப்பி ஆடுகிறீர்களா? அப்படியானால் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் தெரிவதற்கும் நடுவே தாமதம் வரும். பழைய குழாய் டிவியில் அது கிடையாது.


தொண்டி_ஆன்டெனா | மே 4, இரவு 9.10

ஐயா பால் முறை என்றதும் எனக்கு இலங்கை டிவி ரூபவாஹினி நினைவு வந்துவிட்டது. மொட்டை மாடியில் ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பி வைத்து, "தெரியுதா, தெரியுதா" என்று கத்திக்கொண்டு... கேமுக்குச் சம்பந்தமில்லைதான், மன்னிக்கவும். எங்கள் பெட்டியை அதே டிவியில்தான் மாட்டினோம், சேனலை டியூன் பண்ணி முடிப்பதற்குள் அரை மணி போய்விடும்.


வடகடல்83 | மே 5, அதிகாலை 5.30

ஐயா, உடம்பு சிலிர்த்துவிட்டது. பாட்டு! முதல் நாளே மகளிடம் சொன்னேன், "இந்தப் பாட்டு ஏன் இப்படி ஓட்டமாய் ஓடுது, எங்க காலத்தில் நிதானமா இருக்குமே" என்று. வயசானால் எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும் என்றாள்.

டிவியில் போட்டுத்தான் ஆடுகிறேன், கன்ட்ரோலரும் நீங்கள் சொன்ன வகைதான். கடை மூடியபோது அங்கிருந்த பெட்டி ஒன்றை 100 ரூபாய்க்கு வாங்கி வைத்தேன். பரணில் இருக்கிறது, கேசட்டும் இருக்கிறது. நேற்று ராத்திரியே இறக்கினேன். சிவப்பு விளக்கு எரிகிறது, படம் வெறும் சாம்பல். ஊதிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.


ஈயக்கம்பி | மே 5, காலை 10.00

ஊதாதீர்கள்! ஊதி ஊதித்தான் பாதி கேசட் செத்தது. வாய் ஈரம் செம்பில் பட்டால் களிம்பு பிடிக்கும். தீவில் வேறு இருக்கிறீர்கள், உப்புக்காற்று ஒரு பக்கம் தின்கிறது, எச்சில் மறுபக்கம்.

கேசட்டைத் திறந்தால் சின்னப் பலகை, விளிம்பில் தங்க நிறக் கோடுகள், பக்கத்துக்கு 30 வீதம் 60 பின். பச்சையாகவோ கறுப்பாகவோ படிந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பூச்சு போய்விடும். அப்புறம் மொபைல் சர்வீஸ் கடையில் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) என்று கேட்டால் கொடுப்பார்கள், பஞ்சில் நனைத்துத் துடைத்துக் காயவிடுங்கள். பெட்டியில் கேசட் சொருகும் வாய்க்கும் அதே வைத்தியம்: பழைய ஏடிஎம் அட்டையில் மெல்லிய துணியைச் சுற்றி, ஐபிஏ தொட்டு, நாலு தடவை உள்ளே விட்டு எடுங்கள்.

அடாப்டர் பழையது என்றால் மாட்டுவதற்கு முன் மீட்டர் வைத்து வோல்ட் பாருங்கள், பிளஸ், மைனஸ் முனை மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே மூன்று கால் வைத்து 7805 என்று ஒரு ரெகுலேட்டர் இருக்கும், அதன் வெளிக்காலில் 5 வோல்ட் வரவேண்டும். இது எல்லாம் சரியாக இருந்தும் படம் வரவில்லை என்றால், நடுவில் கறுப்புப் பொட்டு வைத்ததுபோல் ஒரு மெழுகு உருண்டை தெரியும், அதன் அடியில்தான் மொத்த மூளையும். அது போனால் என்னிடம் கொண்டுவராதீர்கள், நானும் ஒன்றும் செய்ய முடியாது.


மண்டபம்_ரீசெட் | மே 5, மாலை 4.45

ஆக, உங்கள் தலைமுறை மொத்தமும் மெதுவாக்கிய கேமை ஆடிவிட்டு "நாங்கள் அந்தக் காலத்தில்" என்று பேசியிருக்கிறீர்கள். நல்லது. 🙂

இன்னொரு குறையும் சொல்கிறேன். சில நேரம் தோட்டா கண்ணிலேயே படுவதில்லை. மினுக்கென்று மறைந்து, பக்கத்தில் வந்து நிற்கிறது. இதற்கும் 50, 60தான் காரணமா?


ஈயக்கம்பி | மே 5, இரவு 8.20

இல்லை தங்கச்சி, அது வேறு. பெட்டியில் படம் வரைகிற சிப் ஒரு படுக்கைக் கோட்டில் எட்டு அசையும் உருவத்தைத்தான் காட்டும். கப்பலே ஒன்றுக்கு மேல் எடுத்துக்கொள்ளும், இரண்டு ஆப்ஷன், உங்கள் தோட்டாக்கள், எதிரி, எதிரியின் தோட்டா என்று எல்லாம் ஒரே உயரத்தில் வந்தால் எட்டைத் தாண்டிவிடும். ஒன்பதாவது தெரியாது, ஆனால் இருக்கும், இடித்தால் சாவுதான். முறை வைத்து மாற்றி மாற்றி மறைப்பதால் மினுக்குவதுபோல் தெரிகிறது. எமுலேட்டரில் இந்த எல்லையை நீக்க ஒரு வசதி இருக்கும், போட்டுப் பாருங்கள்.


கீழக்கரை_காக்கா | மே 5, இரவு 10.30

யாரும் இன்னும் அந்த மந்திரத்தைச் சொல்லவில்லையே? கேமை நிறுத்திவைத்து, மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ. மிசைல், ஆப்ஷன், கவசம் எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். கான்ட்ரா என்ற இன்னொரு கொனாமி கேமில் 30 உயிர் கொடுத்து ஊர் உலகமெல்லாம் பரவியதே, அது முதலில் பிறந்தது இந்தக் கேமில்தான். ஃபேமிகாமுக்கு மாற்றியவர் கஸுஹிஸா ஹாஷிமோட்டோ. சோதித்துப் பார்க்க ஆடவேண்டும், ஆனால் அவராலேயே முடிக்க முடியவில்லை. மறக்காமல் இருக்கிற மாதிரி ஒரு வரிசையை எழுதி உள்ளே போட்டார், அது அப்படியே விற்பனைக்கும் வந்துவிட்டது. 2020 பிப்ரவரியில் காலமானார்.

செய்தவராலேயே முடியவில்லை என்றால் நமக்கு என்ன வெட்கம்? அழுத்துங்கள் மச்சான்.


மண்டபம்_ரீசெட் | மே 5, இரவு 10.50

காக்கா, நீங்களே என் கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். செய்தவருக்கே ஊன்றுகோல் தேவைப்பட்டது என்றால் அது நல்ல வடிவமைப்பா?

அப்புறம், அந்த மந்திரத்தை சூப்பர் நின்டென்டோவில் வந்த மூன்றாம் பாகத்தில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? எல்லா ஆயுதமும் வரும். சந்தோஷப்படுவதற்குள் கப்பல் தானே வெடித்துவிடும். இடம் வலத்துக்குத் திசைப் பட்டனை விட்டுவிட்டு, தோளில் இருக்கிற எல், ஆர் பட்டன்களை அழுத்த வேண்டுமாம். ஏமாற்றுகிறவனை ஏமாற்ற வைத்த கண்ணி. இதை மட்டும் ரசிப்பேன்.


வடகடல்83 | மே 9, இரவு 11.45

பெட்டி உயிர் பெற்றது! களிம்புதான் ஐயா. ரப்பர் இரண்டு தேய்ந்தது, ஐபிஏ ஒரு சின்னப் பாட்டில். பக்கத்து வீட்டில் கோழிக்கூட்டு மேல் கிடந்த குழாய் டிவியைத் தூக்கிவந்து மாட்டினேன். படம் லேசாக ஆடுகிறது, ஆனால் வருகிறது.

சோதனையும் செய்தேன். போனில் கேம் தொடங்கி, சரியாக ஒரு நிமிடத்தில் நிறுத்தி, திரையின் வலது ஓரத்தில் எந்த மேடு வந்து நிற்கிறது என்று குறித்துக்கொண்டேன். இந்தக் கேமில் நாம் என்ன செய்தாலும் தரை அதன்பாட்டுக்கு நகரும் அல்லவா. பழைய பெட்டியில் அதே மேடு அதே இடத்துக்கு வர மகள் கடிகாரம் பிடித்தாள். 72 நொடி. நம்பாமல் இன்னொரு தடவை. 73. பன்னிரண்டு நொடி கூடுதல்!

அந்தப் பன்னிரண்டு நொடியில்தான் என் மானம் இருந்திருக்கிறது. பழைய பெட்டியில் மூன்றாவது ஆட்டத்திலேயே எரிமலையைத் தாண்டினேன். கல் மேலே போய், வளைந்து, நிதானமாக இறங்குகிறது. கை தானாகப் போகிறது, நான் யோசிக்கவே இல்லை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. மெதுவாக ஓடுவதில் ஜெயித்தால் அது ஜெயிப்பா? 60இலும் தாண்ட வேண்டும். செத்தபிறகு எழுவது எப்படி, அதையாவது யாராவது சொல்லுங்கள். மந்திரம் வேண்டாம் காக்கா, மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.


தொண்டி_ஆன்டெனா | மே 10, காலை 8.00

அந்தக் கல் தலைகளுக்குப் பெயர் மோவாய் என்கிறார்களே, ஈஸ்டர் தீவில் உண்மையிலேயே நிற்கும் சிலைகள். தாடையைப் பார்த்தால் தமிழர் யாரோ போய்ப் பெயர் வைத்ததுபோலவே இருக்கிறது.


கீழக்கரை_காக்கா | மே 10, இரவு 9.15

சரி, மந்திரம் இல்லாமல் சொல்கிறேன். தங்கச்சி சொன்ன 24 கணக்கை மறந்துவிடுங்கள். செத்தவன் 24ஐ நினைத்தால் பதறுவான். உங்களுக்கு வேண்டியது 8. முதல் உருண்டை ஸ்பீட். அதன் பிறகு இரண்டு சேர்த்து மிசைல். அப்புறம் ஐந்து சேரும்வரை பட்டையைத் தொடவே கூடாது, நேராக ஆப்ஷன். டபுள், லேசர் பக்கம் ஆசைப்பட்டு நடுவில் அழுத்தினால் போச்சு, எண்ணிக்கை முதலிலிருந்து. ஒரு ஆப்ஷன் வந்துவிட்டால் நீங்கள் இரண்டு துப்பாக்கிக்காரர், மீதி தானாக வரும்.

உருண்டை எங்கே கிடைக்கும் என்பதுதான் உண்மையான பாடம். வரிசையாக வருகிற கூட்டத்தில் ஒன்றையும் விடாமல் அடித்தால்தான் உருண்டை விழும், ஒன்று தப்பினாலும் கிடையாது. சிவப்பு நிறத்தில் தனியாக வருகிறதை அடித்தால் கண்டிப்பாக விழும். அதனால் செத்து எழுந்த இடத்தில் முதலில் வரும் சிவப்பு எது, எந்த உயரத்தில் வரும் என்று மனப்பாடம் இருக்க வேண்டும். நீங்கள் மறுபடி விடப்படும் இடங்கள் எப்போதும் அதே இடங்கள்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன், உம்மா பால் கணக்கு எழுதுகிற நோட்டு. நீல உருண்டை வந்தால் எடுக்கலாம், திரையில் இருக்கிறவர்களைத் துடைத்துவிடும். ஆனால் பட்டை நகராது என்பது நினைவிருக்கட்டும்.

ஆப்ஷனை நிற்கவைப்பதும் ஒரு கலை. அது நீங்கள் போன தடத்திலேயே பின்னால் வரும், நீங்கள் நின்றால் அதுவும் நிற்கும். எரிமலைக்கு முன் நேராக மேலே ஏறி நில்லுங்கள். உங்களுக்குக் கீழே ஒன்று, அதற்கும் கீழே ஒன்று என்று செங்குத்தாகத் தொங்கும். மூன்று உயரத்தில் மூன்று துப்பாக்கி. பிறகு அசையாதீர்கள், அசைந்தால் கலைந்துவிடும்.

இன்னொரு தந்திரம். கவசம் போட்ட பிறகு மறுபடி ஆறு உருண்டை சேர்த்து, பட்டையைக் கேள்விக்குறியிலேயே நிறுத்தி வையுங்கள். கவசம் உடைந்த நொடியில் அழுத்தலாம்.


மண்டபம்_ரீசெட் | மே 10, இரவு 10.05

இவ்வளவும் எழுதி வைத்து ஆட வேண்டும் என்றால் அது பரீட்சை காக்கா, விளையாட்டு இல்லை.

ஆனால் ஒப்புக்கொள்கிறேன், இப்போது நானும் போட்டுப் பார்த்தேன். எட்டு உருண்டை சேர்த்து எழுந்தபோது கிடைத்த திருப்தி, என் கேம்களில் முழு ஆயுதத்தோடு ஜெயித்தபோது கிடைத்ததில்லை. இரண்டாம் கட்டத்தில் செத்தேன். வடிவமைப்புக் குறை என்ற கருத்தில் மாற்றமில்லை.


வடகடல்83 | ஜூன் 13, இரவு 10.20

ஒரு மாதமாக எழுதவில்லை, ஆடிக்கொண்டிருந்தேன். எமுலேட்டரில் ஒரு வாரம் 50, அடுத்த வாரம் 60 என்று மாற்றி மாற்றி. கன்ட்ரோலருக்கு ஒயர் போட்டேன், டிவியை விட்டுவிட்டுச் சின்ன மானிட்டர். ஸ்பீட் இரண்டுதான், காக்கா மேல் ஆணை. அந்த எட்டு கணக்கு, நோட்டு, எல்லாம்.

60இல் எரிமலை தாண்டியாயிற்று. மோவாய்க் கூட்டத்தில் செத்து, வெறும் கப்பலோடு எழுந்து, எட்டு சேர்த்து, அதையும் தாண்டினேன். வாய் திறக்கும்போது உள்ளே சுட்டால்தான் உடைகிறது, மூடியிருந்தால் தோட்டா வீண். ஐந்தாம் கட்டத்தில் கைகளை வீசிக்கொண்டு வரும் அந்தச் சதைப் பூச்சிகளிடம் முடிந்தது. அதற்கு மேல் போகவில்லை.

மகள் போய்விட்டாள். பழைய பெட்டியிலேயே, 50இலேயே, கடைசி வரை. "அப்பா, கடைசியில் ஒரு மூளை வருது, அது ஒண்ணுமே பண்ணல, சும்மா உட்கார்ந்திருக்கு" என்றாள். அவ்வளவு பாடு படுத்திவிட்டுக் கடைசியில் இருக்கிறவன் சுடக்கூட மாட்டானா? அதை அடித்ததும் கேம் மறுபடி முதல் கட்டத்துக்கே போய்விட்டதாம், இன்னும் கடினமாக.

நாளையோடு தடை முடிகிறது. ஐஸும் டீசலும் ஏற்ற ஆள் சொல்லியாயிற்று. பெட்டியை அவளிடம் விட்டுப் போகிறேன். ஐயா, கேசட்டில் மறுபடி களிம்பு பிடிக்காமல் இருக்க என்ன செய்வது?


ஈயக்கம்பி | ஜூன் 14, காலை 7.10

மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். மாத்திரை டப்பாவிலோ புது செருப்புப் பெட்டியிலோ வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டை உள்ளே வையுங்கள். மாதம் ஒருமுறை பொட்டலத்தை மாற்றுங்கள். மகளிடம் ஊதக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போங்கள்.